வயதான போலீஸ் ஜோடிகள் ஏன் திரும்பி வருகிறார்கள்? ‘பேட் பாய்ஸ்’ நாலாம் பாகத்தை வைத்து ஒரு விளக்கம்

2024 ஜூன் 7-ஆம் தேதி ‘பேட் பாய்ஸ்: ரைட் ஆர் டை’ தியேட்டருக்கு வந்தது. தொடரின் நாலாவது படம். முதல் படம் வந்தது 1995 ஏப்ரலில், ஆக நடுவில் 29 வருடம். அது ஓடி முடிவதற்குள் ஜூலை 3-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் ‘பெவர்லி ஹில்ஸ் காப்: ஆக்ஸல் எஃப்’ வந்து இறங்கியது. அதுவும் நாலாவது பாகம்தான், மூணாவது பாகம் 1994-இல் விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதோடு கடையைச் சாத்திய தொடர். வில் ஸ்மித்துக்கு அப்போது 55 வயது, மார்ட்டின் லாரன்ஸுக்கு 59, எடி மர்ஃபிக்கு 63. நம் ஊர் போலீஸ் துறையாக இருந்தால் ஒருத்தர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருக்கும், இன்னொருத்தருக்குப் பிரிவு உபசார விழாவுக்குத் தேதி குறித்திருப்பார்கள்.

இந்த வகைப் படங்கள் அதிகம் பார்க்காதவர்களுக்கு இது விநோதமாகத்தான் தெரியும். சுடுவதும் துரத்துவதும் இளவட்டங்கள் செய்கிற வேலை, அதை ஏன் முட்டி தேய்ந்த ஆட்கள் செய்ய வேண்டும், அதைப் பார்க்க ஏன் கூட்டம் வர வேண்டும்? கூட்டம் வந்தது என்பது உண்மை. பத்துக் கோடி டாலர் செலவில் எடுத்த அந்த ‘பேட் பாய்ஸ்’ உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் ‘பட்டி காப்’ (buddy cop), அதாவது போலீஸ் ஜோடிப் படம் என்கிற சமாச்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

விஷயம் எளிது. இரண்டு போலீஸ்காரர்கள், ஒருத்தருக்கொருத்தர் ஒத்தே போகாதவர்கள், ஒரே காரில் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஒரு கேஸ் கொடுக்கப்படுகிறது. அந்தக் கேஸ் என்னவென்பது படம் முடிந்து வெளியே வந்ததும் பாதிப்பேருக்கு மறந்துவிடும், அதில் தப்பில்லை, ஏனென்றால் கேஸ் ஒரு சாக்கு. படம் என்பது அந்தக் காருக்குள் நடக்கிற சண்டைதான். நம் ஊர் போலீஸ் படங்களில் பெரும்பாலும் நாயகன் ஒற்றை ஆள், கூட வருகிற ஏட்டு சிரிப்பு மூட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பட்டி காப் படத்தில் அப்படி ஒதுங்க முடியாது. இரண்டு பேரும் சரிபாதி, ஒருத்தரை எடுத்துவிட்டால் படமே இல்லை.

இதற்கு முன்னோடி என்று பலரும் சொல்வது அகிரா குரோசாவாவின் 1949-ஆம் வருடப் படமான ‘ஸ்ட்ரே டாக்’. போருக்குப் பிந்தைய டோக்கியோ, கொதிக்கிற கோடை, பஸ்ஸில் துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளராக தொஷிரோ மிஃபுனே, அவரை நிதானப்படுத்துகிற மூத்தவராக தகாஷி ஷிமுரா. அதில் நகைச்சுவை இல்லை, ஆனால் பதற்றக்காரனும் பொறுமைசாலியும் சேர்ந்து தெருத் தெருவாக அலைவது என்கிற அச்சு அங்கேயே இருக்கிறது. ஹாலிவுட்டில் இதைச் சிரிக்க வைக்கிற வியாபாரமாக ஆக்கியது 1982-இல் வந்த ‘48 ஹவர்ஸ்’. கறாரான சொல்படி பார்த்தால் அதில் ஒருத்தர்தான் போலீஸ். நிக் நோல்ட்டி போலீஸ், எடி மர்ஃபி அவர் 48 மணி நேரத்துக்கு ஜெயிலிலிருந்து வெளியே அழைத்துவருகிற கைதி. மர்ஃபிக்கு அது முதல் படம், 21 வயது. அப்புறம் 1987-இல் ‘லீதல் வெப்பன்’, மெல் கிப்சனும் டேனி குளோவரும். 1998-இல் ஜாக்கி சானும் கிறிஸ் டக்கரும் வந்த ‘ரஷ் ஹவர்’. அச்சு ஒன்றே, ஊற்றுகிற மாவுதான் வேறு.

மேலே சொன்னதில் ‘லீதல் வெப்பன்’ முக்கியம், ஏனென்றால் தாமதமாக வரும் தொடர்ச்சிகளுக்கான விதை அதன் ஆரம்பத்திலேயே இருக்கிறது. டேனி குளோவரின் பாத்திரம் முதன்முதலாகத் திரையில் வருவது குளியல் தொட்டியில். குடும்பமே கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது, அன்று அவருக்கு 50-ஆவது பிறந்தநாள். படம் எடுத்தபோது குளோவருக்கு நிஜத்தில் நாற்பதுதான். ‘எனக்கு இதுக்கெல்லாம் வயசாயிடுச்சு’ என்று படம் நெடுகப் புலம்புவார், அதுதான் அவருடைய முத்திரை வசனம். 1998-இல் நாலாவது பாகம் வந்தபோது அவர் தாத்தாவாகிறார், முதல் படத்தில் உயிரைத் துச்சமாக மதித்த கிப்சனே தனக்கு வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொள்கிறார். வயது என்பது இந்த வகைக்கு வெளியிலிருந்து வந்த நோய் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அது நகைச்சுவைக்கான கச்சாப்பொருள்.

சரி, ‘பேட் பாய்ஸ்’.

1995. இயக்குநர் மைக்கேல் பே, விளம்பரமும் மியூசிக் வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தவர், இதுதான் அவருக்கு முதல் சினிமா. தயாரிப்பாளர்கள் டான் சிம்ப்சனும் ஜெர்ரி பிரக்ஹைமரும். கதை முதலில் டேனா கார்வி, ஜான் லோவிட்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்கார நகைச்சுவை நடிகர்களுக்காக உருவானது. அது கைகூடாமல் போய், தொலைக்காட்சித் தொடர்களில் பேர் வாங்கியிருந்த வில் ஸ்மித்தும் மார்ட்டின் லாரன்ஸும் வந்தார்கள். செலவு சுமார் 1.9 கோடி டாலர், வசூல் ஏறத்தாழ 14 கோடி. இரண்டு பேரும் கறுப்பினத்தவர்கள் என்பது இங்கே கதையின் கட்டுமானத்தையே மாற்றியது. ‘48 ஹவர்ஸ்’, ‘லீதல் வெப்பன்’ இரண்டிலும் ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர், உரசலுக்கு அதுவே பாதி எரிபொருள். இதில் அந்த வழி அடைபட்டதால் உரசலை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்தது பணமும் குடும்பமும். ஸ்மித் நடிக்கும் மைக் லௌரி பரம்பரைச் சொத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன், வீடு காட்சிப் பொருள் மாதிரி இருக்கும். லாரன்ஸ் நடிக்கும் மார்கஸ் பர்னெட்டுக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், எப்போதும் சத்தம், எப்போதும் செலவு.

இதை முதல் காட்சியே சொல்லிவிடும். மயாமி இரவு, மைக்கின் கறுப்பு போர்ஷே. மார்கஸ் காருக்குள் உட்கார்ந்து ஃபிரெஞ்சு ஃபிரை தின்கிறான், ஒரு துண்டு சீட்டுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள கார் என்று மைக் குதிக்கிறான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கின காரில் ஒரு கப் வைக்க இடமில்லையே என்று மார்கஸ் திருப்பிக் கேட்கிறான். இந்த வாக்குவாதத்துக்கு நடுவே இரண்டு பேர் காரைத் திருட வந்து துப்பாக்கியை நீட்டுகிறார்கள், இவர்கள் அதற்கும் சண்டையை நிறுத்துவதில்லை. அவ்வளவுதான் பட்டி காப். உயிர்போகிற ஆபத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்குத் துண்டுக்காக அடித்துக்கொள்வது. அந்தக் காட்சி பிடித்திருந்தால் நாலு படமும் பிடிக்கும், எரிச்சலாக இருந்தால் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கதை என்று பார்த்தால், போலீஸ் காவலில் இருந்த பத்துக் கோடி டாலர் ஹெராயின் திருடுபோகிறது, சாட்சியான பெண் ஜூலி மைக்கிடம் மட்டும்தான் பேசுவேன் என்கிறாள், மைக் ஆள் இல்லாத நேரம், அவர்களுடைய மேலதிகாரி கேப்டன் ஹோவர்ட், மார்கஸை ‘நீதான் மைக் என்று சொல்’ என்று தள்ளிவிடுகிறார். அதன்பிறகு மார்கஸ் மைக்கின் பணக்கார வீட்டில் மைக்காக நடிக்க வேண்டியிருக்கிறது, மைக் மார்கஸின் வீட்டுக்குப் போய் அவன் மனைவி பிள்ளைகளோடு தங்குகிறான். ஆள் மாறாட்டம், ரொம்பப் பழைய நாடக உத்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது படத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

இரண்டாவது படம் 2003-இல், அதே பே இயக்கத்தில், இந்த முறை 13 கோடி டாலர் செலவில். எல்லாமே பெரிதாகிவிட்டது. மயாமியின் மெக்கார்தர் காஸ்வே பாலத்தில் கார் ஏற்றிச் செல்லும் லாரியிலிருந்து ஒவ்வொரு காராக ரோட்டில் உதிர்த்துவிடுகிற துரத்தல் காட்சியை இன்றைக்கும் அசைக்க முடியாது, நிஜக் கார்கள் நிஜ ரோட்டில் உருளுகின்றன, அந்த எடை கண்ணுக்குத் தெரியும். ஆனால் படம் 147 நிமிடம், குரூரம் அதிகம், கடைசியில் கியூபாவில் ஏழைகளின் குடிசைகளை ஹம்மர் வண்டியால் ஏறி நசுக்கிக்கொண்டு இறங்குவதை ஜாலியான காட்சியாகக் காட்டுகிறார்கள், எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வசூல் சுமார் 27 கோடி, ஆனால் செலவோடு ஒப்பிட்டால் முதல் படம் அளவுக்கு லாபமான பண்டம் இல்லை.

அப்புறம் 17 வருடம் ஒன்றும் வரவில்லை. தொடர்ச்சிகள் இப்படித் தாமதமாவதற்குப் பெரிய மர்மம் கிடையாது. முதல் படத்தில் சின்னச் சம்பளத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டாவதுக்குள் உச்சத்துக்குப் போய்விடுகிறார்கள். மூணாவதை எடுக்க வேண்டுமானால் எல்லாருடைய சம்பளமும் தேதியும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும், ஸ்டூடியோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஃபைலை மூடும். ஸ்மித் ‘ஐ ஆம் லெஜண்ட்’, ‘ஹான்காக்’ என்று தனி ஆளாகப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார், லாரன்ஸ் 2011-க்குப் பிறகு பெரிய படங்களில் அதிகம் தென்படவில்லை, பே ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பக்கம் போய்விட்டார். மூணாவது பாகத்துக்கு ஜோ கார்னஹன் இயக்குநர் என்றார்கள், அவரும் 2017-இல் விலகினார். கடைசியில் வந்து சேர்ந்தது அடில் எல் அர்பி, பிலால் ஃபல்லா என்ற இருவர். மொராக்கோ வம்சாவளி பெல்ஜியக்காரர்கள், முதல் ‘பேட் பாய்ஸ்’ வந்தபோது சின்னப் பையன்கள், பேயின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பட்டி காப் படத்தை இயக்க ஒரு ஜோடியே வந்தது எனக்குப் பிடித்த தற்செயல்.

இப்படி ஒரு தொடரின் ரசிகர்கள் வளர்ந்து அதே தொடரை இயக்க வருவது தாமதத் தொடர்ச்சிகளில் அடிக்கடி நடக்கிறது, அதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. லாபம், அவர்களுக்கு எது எல்லாருக்கும் நினைவிருக்கிறது என்று தெரியும். இரண்டு நாயகர்களும் தரையிலிருந்து எழுந்திருக்க, கேமரா கீழிருந்து அவர்களைச் சுற்றி வர, பின்னால் வானம் சுழல்கிற அந்த ஷாட் முதல் இரண்டு படங்களின் அடையாளம், அதை மூணாவதிலும் வைத்தார்கள். பேயையே கூப்பிட்டு ஒரு கல்யாணக் காட்சியில் கையில் மைக்ரோஃபோனைக் கொடுத்துப் பேச வைத்தார்கள். ஆபத்து, வெறும் நினைவுச் சேகரிப்பாகப் போய்விடலாம். பழைய பாட்டு வந்தது, பழைய வசனம் வந்தது, கைதட்டினோம், வீட்டுக்கு வந்தோம் என்று முடிந்துவிடும்.

2020 ஜனவரியில் வந்த ‘பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்’ அந்த ஆபத்தில் விழாமல் தப்பித்ததற்குக் காரணம், 17 வருடம் ஓடிப்போனதை மறைக்காமல் அதையே கதையாக்கியது. மறுபடியும் போர்ஷே, மறுபடியும் மயாமி ரோட்டில் கண்மண் தெரியாத வேகம், ஏதோ குற்றவாளியைத் துரத்துகிறார்கள் என்று நினைப்போம், பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், மார்கஸுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மார்கஸுக்கு ஓய்வு வேண்டும். மைக் தாடிக்குச் சாயம் பூசிக்கொண்டு இன்னும் காளையாகவே இருக்கப் பார்க்கிறான், பிறகு பைக்கில் வந்த ஒருவன் அவனைச் சுட்டுச் சாய்க்கிறான். சுட்டவன் அர்மாண்டோ. அவன் மைக்கின் மகன்தான் என்பது பிறகு தெரிகிறது, அதுவும் மைக்குக்கே தெரியாத மகன். கொஞ்சம் மெகா சீரியல் வாசனை அடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், 24 வயதுக்கு மேற்பட்ட ஒரு மகன் திடீரென்று வந்து நிற்பது ஒரு தொடருக்கு வயதானால்தான் சாத்தியம். இரண்டாம் பாகம் வந்து மூன்றே வருடத்தில் இந்தப் படம் வந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது. 9 கோடி டாலர் செலவு, 42 கோடிக்கு மேல் வசூல். அமெரிக்காவில் அந்த வருடம் அதிகம் வசூலித்த படமும் அதுதான், மார்ச்சில் கொரோனா வந்து எல்லாத் தியேட்டரையும் மூடியது அதற்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நாலாவது. இங்கிருந்து கதை விவரங்கள் வரும், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுங்கள்.

படம் காரில்தான் தொடங்குகிறது, வேறு எங்கே தொடங்கும். மைக் பறக்கவிடுகிறான், மார்கஸுக்குக் குமட்டுகிறது, வாந்தி எடுத்தால் கார் நாறும் என்ற பயத்தில் மைக் ஒரு கடையில் நிறுத்துகிறான், ஒரு ஜிஞ்சர் ஏல் வாங்கிக்கொண்டு 90 விநாடியில் வா என்கிறான். மார்கஸ் உள்ளே போய் மிட்டாய்ப் பாக்கெட்டையும் ஹாட் டாகையும் பார்த்து மயங்கி நிற்கிறான், அதே நேரம் கடைக்குள் ஒரு திருடன் துப்பாக்கியோடு நுழைந்து மார்கஸைப் பிடித்துவிடுகிறான். 1995-இன் ஃபிரெஞ்சு ஃபிரை காட்சியேதான். அன்றைக்குத் தீனி காரைக் கெடுத்தது, இன்றைக்கு உடம்பைக் கெடுக்கிறது. இவ்வளவு அவசரமாக அவர்கள் போய்க்கொண்டிருந்தது மைக்கின் கல்யாணத்துக்கு. அந்தக் கல்யாண விருந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மார்கஸ் மாரடைப்பில் சரிகிறான்.

இந்தப் படத்தின் மொத்த யோசனையும் அதற்கடுத்துத்தான் வருகிறது. நினைவில்லாமல் கிடக்கும் மார்கஸுக்கு ஒரு காட்சி தெரிகிறது, மூணாவது படத்தில் செத்துப்போன கேப்டன் ஹோவர்ட் அதில் வந்து உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்கிறார். கண் விழித்த மார்கஸ் தனக்குச் சாவே கிடையாது என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறான். ஆஸ்பத்திரி மொட்டை மாடியின் விளிம்பில், முதுகுப் பக்கம் திறந்த நோயாளி உடுப்போடு, பின்புறத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு கைகளை விரித்து நிற்கிறான். தானும் மைக்கும் பல ஜென்மங்களாகச் சேர்ந்தே வருகிறோம், ஒரு பிறவியில் மைக் தனக்குக் கழுதையாக இருந்தான் என்று விளக்குகிறான். மூன்று படங்களாகப் பயந்து, புலம்பி, ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இவன். இன்னொரு பக்கம், மூன்று படங்களாகக் குண்டுக்குக் குறுக்கே ஓடியவன் மைக். அவனுக்கு இப்போது மனைவி இருக்கிறாள், ஒரு மகன் ஜெயிலில் இருக்கிறான், இழக்க ஆட்கள் இருக்கிறார்கள். சண்டைக்கு நடுவே மூச்சு அடைத்து, கை உறைந்து நின்றுவிடுகிறான்.

முதல் படத்தில் இருவரும் வீட்டையும் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள், நாலாவதில் பயத்தையும் துணிச்சலையும் மாற்றிக்கொள்கிறார்கள். அதே பழைய ஆள் மாறாட்ட உத்தி, ஆனால் முன்பு வெளியே நடந்தது இப்போது உள்ளே நடக்கிறது. நாலு படங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தெரிகிறது. பட்டி காப் படத்தின் மிகப்பெரிய பலவீனம், முதல் படத்தின் முடிவிலேயே இருவரும் நண்பர்களாகிவிடுவது. பிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? பெரும்பாலான தொடர்கள் மூணாவது ஆளைக் கொண்டுவருவார்கள், இல்லை வெடியின் அளவைக் கூட்டுவார்கள். இவர்கள் இருவரின் குணத்தையும் திருப்பிப் போட்டதில் பழைய ஜோடிக்குப் புதிய உரசல் கிடைத்துவிட்டது. அது நம்பும்படியும் இருக்கிறது, ஏனென்றால் ஒரு பயந்தாங்கொள்ளி அசட்டுத் துணிச்சல்காரன் ஆவதற்கும் துணிச்சல்காரன் பயப்படக் கற்றுக்கொள்வதற்கும் வயதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை.

இதன் உச்சம், துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே மைக் உறைந்து நிற்க, அவனைச் சுயநினைவுக்குக் கொண்டுவர மார்கஸ் கன்னத்தில் மாற்றி மாற்றி அறைகிற இடம். 2022 மார்ச்சில் ஆஸ்கார் மேடையில் வில் ஸ்மித் கிறிஸ் ராக்கை அறைந்தது உலகத்துக்கே தெரியும், அகாடமி அவரைப் பத்து வருடம் தன் நிகழ்ச்சிகளுக்கு வரக்கூடாது என்று சொன்னது. அதன்பிறகு தியேட்டரில் வந்த அவருடைய முதல் பெரிய படம் இது. அதில் அவரே அறை வாங்குகிறார், ஒன்றல்ல, பல. யாரும் வாய்விட்டு எதையும் சொல்வதில்லை, தியேட்டரில் இருக்கிற எல்லாருக்கும் புரிகிறது. மன்னிப்பா, வியாபாரத் தந்திரமா என்று கேட்டால் இரண்டும்தான். நடிகர்களின் சொந்த வாழ்க்கை பாத்திரத்தின் மேல் இப்படி வந்து படிவது நெடுநாள் ஓடும் தொடர்களுக்கே உரியது.

ஆனால் தாமதத் தொடர்ச்சி என்றால் என்ன என்று யாராவது ஒரே உதாரணம் கேட்டால் நான் ரெஜியைத்தான் காட்டுவேன். 2003-இல் இரண்டாவது படத்தில், மார்கஸின் மகளை வெளியே கூட்டிப்போக ஒரு 15 வயதுப் பையன் வாசலில் வந்து நிற்பான். மார்கஸ் அவனை நிற்கவைத்து விசாரிப்பான், மைக் இப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்த குடிகாரன் மாதிரி பாட்டிலும் துப்பாக்கியுமாக வந்து மிரட்டுவான், பையன் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பான். மூன்று நிமிடக் கிண்டல் காட்சி, அவ்வளவுதான் அவனுக்கு வேலை. அதே நடிகரை, டென்னிஸ் கிரீனை, 2020-இல் திரும்பக் கூட்டிவந்தார்கள், அந்தப் பையன் மார்கஸின் மருமகனாகி, மெரீன் படைவீரனாக இருக்கிறான், மாமனார் இன்னும் அவனை மதிப்பதில்லை. 2024-இல், மார்கஸின் வீட்டுக்குள் ஆயுதம் ஏந்திய கும்பல் புகுகிறது. மைக்கும் மார்கஸும் வேறு எங்கோ மாட்டிக்கொண்டு வீட்டுக் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது. ‘சார்’ போடாமல் வாய் திறக்காத ரெஜி சத்தமில்லாமல் எழுந்து, சமையலறை, கூடம், மாடிப்படி என்று ஒவ்வொருத்தனாகச் சாய்க்கிறான். கேமரா முன்னால் இரண்டு கிழவர்களும் கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற மாதிரி கத்துகிறார்கள். படத்தில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான். இதைப் பணம் கொடுத்து உருவாக்க முடியாது, வேறு நடிகரைப் போட்டிருந்தால் வேலை செய்யாது, ஒரே பையன் 21 வருடம் வளர்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் இப்படி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். செத்துப்போன கேப்டன் மேல் போதைக் கும்பலோடு தொடர்பு என்று பழி விழுகிறது, அதைத் துடைக்க இவர்கள் கிளம்பி, இவர்களே தேடப்படும் குற்றவாளிகளாகிறார்கள் என்பது கதை. அந்த உணர்ச்சி சரி, கேப்டனாக வந்த ஜோ பான்டோலியானோ முதல் படத்திலிருந்தே கத்திக்கொண்டும் வயிற்றெரிச்சல் மருந்து குடித்துக்கொண்டும் இருந்தவர், அவருக்காக யாருக்கும் மனசு இளகும். ஆனால் வில்லன், எரிக் டேன் நடித்தது, ஒரு வாரம் கழித்துப் பெயர் கேட்டால் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் துரோகி யார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. மூணாவது படத்தில் அறிமுகமான இளைஞர் போலீஸ் குழுவுக்கு வேலை குறைவு. மார்கஸின் மனைவி தெரசாவாக மூன்று படங்களில் வந்த தெரசா ராண்டலுக்குப் பதிலாக இதில் டாஷா ஸ்மித், வயதையே பொருளாக வைத்துக்கொண்ட படத்தில் முகம் மாறுவது கண்ணை உறுத்துகிறது. வெறிச்சோடிய முதலைப் பண்ணையில் நடக்கும் கடைசிச் சண்டையில் கேமரா துப்பாக்கியோடு சேர்ந்து திரும்பி, கைமாறி, புரண்டு வருவது புதுசு, அந்த ராட்சத வெள்ளை முதலை மட்டும் கொஞ்சம் ஓவர்.

இன்னொன்று, இந்த வகை முழுவதற்கும் உள்ள சங்கடம். விதியை மீறுகிற போலீஸைப் பார்த்துச் சிரிப்பது 1995-இல் சுலபமாக இருந்தது. மூணாவது படம் வந்து நாலு மாதத்தில், 2020 மே மாதம், மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் செத்தார், அமெரிக்கா முழுக்கத் தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த நாலாவது படம் இந்த இருவரையும் போலீஸாலேயே துரத்தப்படுகிறவர்களாக மாற்றியதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாமர்த்தியமான நழுவல். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் கேள்வி வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாத் தொடருக்கும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. ‘லீதல் வெப்பன்’ நாலு படங்களையும் இயக்கிய ரிச்சர்ட் டானர் 2021 ஜூலையில் இறந்துபோனார், அஞ்சாவதைத் தானே இயக்குவதாக அந்த நவம்பரில் மெல் கிப்சன் அறிவித்தார். ‘ஆக்ஸல் எஃப்’ படத்தில் மர்ஃபியோடு பழைய கூட்டாளிகள் ஜட்ஜ் ரைன்ஹோல்டும் ஜான் ஆஷ்டனும் திரும்ப வந்தார்கள், படம் வந்து மூன்று மாதத்துக்குள், செப்டம்பரில், ஆஷ்டன் காலமானார். ஜோடிப் படங்களில் இந்தக் கணக்கு கடுமையானது, ஒற்றை நாயகன் படம் என்றால் ஒருத்தர் ஆரோக்கியமாக இருந்தால் போதும்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: நேராக நாலாவதிலிருந்து தொடங்க வேண்டாம், பாதி நகைச்சுவை காற்றில் போய்விடும். முதல் படம், மூணாவது, அப்புறம் நாலாவது, இந்த வரிசை போதும். இரண்டாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாலத்தில் நடக்கும் கார் துரத்தலையும் ரெஜி வாசலில் நிற்கும் காட்சியையும் மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாலுமே அவர்கள் தூங்கின பிறகுதான், கெட்ட வார்த்தை அந்த அளவுக்கு ஓடும்.